மைனி வாசிக்கிறாள்

பதினோராவது அச்சு முறுக்கு எண்ணெயில் கழன்று விழாமல் அச்சைக் கட்டிக்கொண்டு தொங்கியபோது, மைனி கொலை நடக்கிற இடத்துக்கு வந்துவிட்டாள் என்று எப்சிபாவுக்குத் தோன்றியது. அச்சு சரியாகக் காயவில்லை, அதனால் மாவு ஒட்டுகிறது, இதற்கும் கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவளுக்கும் என்ன சம்பந்தம் என்று தன்னையே அதட்டிக்கொண்டு ஈர்க்குச்சியால் நெம்பினாள். முறுக்கு இதழ் இதழாகப் பிய்ந்து வந்தது. பிய்ந்ததை வாயில் போட்டாள். நாக்கைச் சுட்டது, ஆனால் இனிப்பு சரியாக இருந்தது, தேங்காய்ப்பாலும் முட்டையும் எள்ளும் சேர்ந்து காய்கிற அந்த வாசம் கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனது, வெளியே பாளையங்கோட்டைக்கென்று அளந்து ஊற்றின மாதிரி ஒரு சின்னத் தூறல், வாசலில் கட்டின ஸ்டார் நனைந்து லேசாக ஆடியது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இந்த வருஷம் மாவு கூட ஒரே தடவையில் பதம் வந்துவிட்டது. அந்த நாற்பது பக்கம் மட்டும் இல்லையென்றால் இந்தச் சனிக்கிழமை மத்தியானம் மாதிரி ஒரு மத்தியானம் கிடையாது. மைனி என்றால் எப்சிபாவின் கணவர் ஞானதுரையின் ஒரே அக்கா, தங்கபுஷ்பம், எழுபத்தொரு வயது, பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டையரானவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், சமாதானபுரத்தில் ஒரு ஸ்கூட்டியோடும் இரண்டு பூனையோடும் தனியாக இருக்கிறவள். வியாழக்கிழமை வந்தபோது மேஜையில் கிடந்த தாள்கட்டைப் பார்த்து இதென்ன என்று கேட்டாள். நான் எழுதின மர்ம நாவல் மைனி, திங்கட்கிழமை அச்சுக்குப் போகுது என்று எப்சிபா பெருமையில் வாயை விட்டாள். விட்டதைத் திரும்ப விழுங்குவதற்குள் மைனி முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் பைக்குள் திணித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டாள். இன்றைக்கு வந்து, வாசித்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், கடைசி நாற்பது பக்கம் கிடக்கு, இங்க வச்சு முடிச்சிருதேன், நீ சுடு என்று சொல்லி, ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசாமல். அதுதான். மைனி பேசாமல் இருந்து எப்சிபா பார்த்ததே இல்லை, ஜெபத்தின்போது கூட.

தாள் புரள்கிற சத்தம் வந்தது. எப்சிபா அச்சை எண்ணெயில் முக்கி வைத்துக்கொண்டு காதைக் கூடத்துக்கு அனுப்பினாள். முப்பது வருஷத்துக்கு மேல் டெலிபோன் இலாகாவில் ஆபரேட்டராக இருந்தவள், ட்ரங்க் கால் காலத்தில் லைனில் ஆள் பேசுவதற்கு முன்னால் மூச்சை வைத்தே நல்ல சேதியா கெட்ட சேதியா என்று சொல்லிவிடுவாள், ஆனால் மைனியின் மூச்சு மட்டும் விளையாட்டு மைதானத்து மூச்சு, ஏறாது இறங்காது, அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு இருமல். எந்தப் பக்கம்? பாலில் விஷம் கலக்கிற பக்கமா, இல்லை முறுக்குப் புகையா? பன்னிரண்டாவது நன்றாகக் கழன்று விழுந்தது, பொன்னிறமாகச் சுழன்றது, பூ மாதிரி, அதைப் பார்த்ததும் மனசு சட்டென்று லேசாகி, சரி, மைனிக்குத் தெரியவே தெரியாது, கதை வேறே ஊரில் நடக்கிறது, பெயரெல்லாம் வேறே, தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் பண்ணுகிற குடும்பம் என்றல்லவா எழுதியிருக்கிறேன் என்று தேற்றிக்கொண்டது. ஆனால் போட்டோ? உப்பு வியாபாரி வீட்டுக் கூடத்தில் ஒரு குடும்பப் போட்டோவை மாட்டி வைத்திருக்கிறாளே, அதில் ஒரு முகத்தை வெட்டி எடுத்திருக்கிறது என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறாளே, அப்படி வெட்டின நிஜப் போட்டோவுக்குக் கீழேதான் மைனி இப்போது உட்கார்ந்து அதை வாசிக்கிறாள். தலையைத் தூக்கினால் போதும். பெரிய போட்டோ. மாமனாரும் மாமியாரும் நாற்காலியில். பின்னால் நெட்டையாக ஒரு பெண் நிற்கிறாள், அதுதான் மைனி, அந்த உயரத்தைப் பார்த்தாலே தெரியும். மாமியார் பக்கத்தில் தாவணி கட்டிய இன்னொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு முகம் இல்லை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் தபால்தலை அளவுக்குச் சதுரமாக ஒரு ஓட்டை. அவள் மேல் சாய்ந்து எட்டு வயசு ஞானதுரை, அவருக்கு ஒரு காது பாதி இல்லை, கத்தரி அதையும் கொண்டு போய்விட்டது. கல்யாணமாகி வந்த முதல் வாரம், இது யாருங்க என்று எப்சிபா ஞானதுரையிடம் சும்மா கேட்டாள். சாதுவான மனுஷர், அதுவரை அவளிடம் குரலை உயர்த்தாதவர், அந்தப் போட்டோவப் பத்தி மட்டும் கேக்காத என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு விழுந்த விதைதான். ஒரு பெண். யாரும் பெயர் சொல்லாத பெண். ஒரு குடும்பமே சேர்ந்து மறைத்த பெண். முப்பது வருஷமாகத் தலைக்குள் வளர்ந்து, வேலையை விட்டபிறகு மூன்று வருஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமாக விளைந்தது.

அதிலும் கொலையை அந்தத் தாயார் கையால் செய்ய வைத்திருக்க வேண்டாம். பதினாலாவது முறுக்கு கருகியது. மாமியார் ஞானப்பூ எவ்வளவு நல்லவள். காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிற மருமகளுக்கு நாலரைக்கு எழுந்து இட்லி அவித்துக் கொடுத்தவள், கரப்பான்பூச்சியைத் துடைப்பத்தால் தள்ளி வெளியே விட்டுவிட்டுப் போய்ட்டு வா என்கிறவள், அவளைப் போய் ஒரு கிளாஸ் பாலில் சொந்த மகளுக்கு விஷம் வைத்தவளாக எழுதலாமா? எழுதியாகிவிட்டது. பெயரைச் சலோமி என்று மாற்றினதோடு சரி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மூக்கால் கீர்த்தனை பாடுகிற பழக்கத்தை அப்படியே வைத்துவிட்டாள், ஏனென்றால் அது அவ்வளவு அழகாக இருந்தது, விட மனசு வரவில்லை. ஆனால் காரணம் இல்லாமல் எழுதவில்லை. அந்தச் சிரிப்பு. சனிக்கிழமைதோறும் மாமியார் போட்டோக்களைத் துடைப்பாள், எல்லாவற்றையும் கடகடவென்று துடைத்துவிட்டு இதற்கு வரும்போது மட்டும் கை மெதுவாகும், கண்ணாடிக்கு மேல் அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவுவாள், பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு சிரிப்பாள். வாயை மூடிக்கொண்டு, ஜெயித்தவள் சிரிக்கிற சிரிப்பு. ஒரு தாய் தன் பெண்ணின் முகம் இருந்த ஓட்டையைப் பார்த்து ஏன் சிரிக்க வேண்டும்? அடுப்படிக் கதவோரம் நின்று அதைப் பார்த்த எப்சிபாவுக்கு முதுகு சில்லிட்டிருக்கிறது. அதே நேரம் உள்ளுக்குள் ஒரு குஷியும் வந்தது, அதை மறைப்பானேன், ஐயோ எவ்வளவு நல்ல கதை என்கிற குஷி. இப்போது அந்தக் குஷிக்குத்தான் கூலி. மைனி கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு வரமாட்டாள். ஞானதுரையிடம் சொல்வாள், நம்ம அம்மாவ உன் பெண்டாட்டி என்ன செஞ்சிருக்கான்னு பாரு என்று. அவர் ஒன்றும் சொல்லமாட்டார், சாப்பிடும்போது குழம்பு எடுத்து ஊற்றச் சொல்லாமல் தானே ஊற்றிக்கொள்வார், அதுதான் அவருடைய கோபம், அந்தக் கோபத்தில் ஒரு தடவை எட்டு நாள் தானே ஊற்றிக்கொண்டிருக்கிறார். கோயிலில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொல்வார்கள், எழுதுதாளாம் எழுத்து. சொல்லட்டும். இல்லை, சொல்லக்கூடாது. ஒருவேளை மைனிக்கு உண்மை தெரிந்திருந்து, அது நாவலில் எழுதினதை விடப் பயங்கரமாக இருந்தால்? எப்சிபா மாவுச்சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒருவேளை நான் கண்டுபிடித்துவிட்டேனோ? ஒருவேளை எல்லாம் அப்படியேதான் நடந்ததோ? கை நடுங்கியது, ஆச்சரியமாகப் பதினைந்தாவது முறுக்கு அந்த நடுக்கத்திலேயே அழகாகக் கழன்று விழுந்தது, அட, ஆட்டினால்தான் விழும் போலிருக்கிறது என்று அந்தப் பயத்துக்கு நடுவிலும் தோன்றியது, அடுத்ததையும் வேண்டுமென்றே ஆட்டிப் பார்த்தாள், அதுவும் விழுந்தது. அப்போதுதான் கூடத்தில் நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது.

மைனி அடுப்படிக்குள் வந்து, கையிலிருந்த தாள்களை அரிசி டின் மேல் வைத்து, வாளிமேல் கிடந்த பலகையை எடுத்துப் போட்டு உட்கார்ந்து, சூடான முறுக்கு ஒன்றைப் பாதி தின்று முடித்தாள். எப்சிபா அடுப்பைத் தணித்தாள். மைனியின் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள், இல்லை, ஆனால் கண்ணோரம் ஈரமாக இருந்தது. "அம்மாதான அது?" என்றாள் மைனி. எப்சிபா இல்லை என்று சொல்ல வாயைத் திறந்து, ஆமாம் என்று தலையாட்டினாள். "முகம் வெட்டுன பொண்ணு யாருன்னு நெனச்ச நீ?" தெரியாது மைனி, உங்களுக்கு ஒரு தங்கச்சி இருந்து, அவங்களுக்கு ஏதோ ஆகி, என்று எப்சிபா இழுத்தாள். மைனியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எப்சிபா பதறிக் கிட்டே போனபோதுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது, முறுக்குத் தூள் புரையேறித் தண்ணீர் குடித்து அதற்கும் மேல் வந்த சிரிப்பு. "அது நாந்தான்டி" என்றாள்.

பின்னால் நிற்கிற நெட்டைப் பெண் சித்தப்பா மகள் ராணியாம், மைனி மாதிரியே முகம், படிக்க வந்து இரண்டு வருஷம் இருந்துவிட்டு பம்பாய்க்குப் போனவள். உட்கார்ந்திருக்கிறதுதான் மைனி. இருபத்தொரு வயதில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க இன்னும் மூன்று வாரம். அவளுக்கோ மதராஸில் உடற்பயிற்சி டீச்சர் ட்ரெயினிங்கில் சேர வேண்டும், ஓட வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஓட வைக்க வேண்டும், அதை வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்துவிட்டு மாப்பிள்ளைக்குச் சட்டைத்துணி எடுக்கப் போய்விட்டார். விண்ணப்பத்தோடு போட்டோ ஒட்ட வேண்டும், மறுநாள் கடைசி நாள், அவளுக்குத் தெரிந்த ஒரே ஸ்டூடியோக்காரர் அப்பாவோடு சபைக் கமிட்டியில் இருக்கிறவர், போய் நின்றால் சாயங்காலத்துக்குள் அப்பா காதுக்கு வந்துவிடும். அவள் அழுதுகொண்டிருந்தபோது அம்மா ஸ்டூலைப் போட்டு ஏறி, கூடத்துப் போட்டோவைக் கழற்றி, தையல் கத்தரியை எடுத்து மகளுடைய முகத்தை வெட்டிக் கையில் கொடுத்தாள். அவசரத்தில் சின்னவன் காதும் சேர்ந்து வந்துவிட்டது. "இன்டர்வியூல அந்தம்மா கேட்டா, இதென்ன உன் கன்னத்துப் பக்கத்துல இன்னொரு காதுன்னு" என்று மைனி சொன்னபோது எப்சிபாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே அழுகையும் வந்தது, ஏனென்றால் கண்ணாடிக்கு மேல் தடவின அந்தக் கட்டைவிரல் ஞாபகம் வந்தது, ஜெயித்தவள் சிரிப்பு என்று சரியாகத்தான் பார்த்திருக்கிறாள், ஜெயித்தது எதில் என்பதைத்தான் தலைகீழாகப் படித்திருக்கிறாள். ஒரு தடவை கேட்டிருக்கலாம். இருபத்திரண்டு வருஷம் ஒரே அடுப்படியில் நின்றாளே, அத்தை, ஏன் சிரிக்கிறீங்க என்று ஒரே ஒரு தடவை.

ஆனால் இதை ஏன் மைனி யாருமே சொல்லவில்லை, இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று எப்சிபா கேட்டாள். மைனியின் சிரிப்பு அடங்கியது. மறைத்தது அவள் போனதை அல்ல, அப்பாவை. இடம் கிடைத்து அவள் மதராஸுக்கு ரயில் ஏறிவிட்டாள், மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்வது? மிஷன் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர், சபைச் செயலாளர், வாழ்நாளில் பொய் சொல்லாதவர் என்று ஊரே தலையில் வைத்திருந்த மனுஷர், பொண்ணுக்கு மஞ்சக்காமாலை, வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கோம், தேறுமான்னு தெரியல என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு பொய். அவர்கள் ஒரு மாதத்தில் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பொய்க்குத் தண்டனையாக அவர் தானாகவே ஒரு வருஷம் ஆராதனையில் வேதபாடம் வாசிக்கப் போகவில்லை, கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்று இரண்டாவது பொய் சொல்ல முடியாமல் பேசாமல் இருந்தார். ட்ரெயினிங் முடிந்து அவள் வந்து இறங்கினபோது ரயிலடியில் நின்றது அவர்தான், பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் பொய் சொன்னது யாருக்கும் தெரியக்கூடாது என்று அம்மாவும் மகளும் பேசி வைத்துக்கொண்டார்கள், அவர் போன பிறகும் அப்படியே பழகிவிட்டது. "அந்த மாப்பிள்ளை இப்பவும் சபை கன்வென்ஷனுக்கு வருவாரு" என்றாள் மைனி. "நாலு பேரப்பிள்ளைங்க. என்னப் பாக்கும்போதெல்லாம் கல்லீரல் எப்படி இருக்குன்னு கேப்பாரு. நானும் பரவால்லன்னு சொல்லுவேன்."

எப்சிபா அரிசி டின் மேலிருந்த தாள்களை எடுத்தாள். இதை அனுப்ப மாட்டேன் மைனி, திங்கட்கிழமை போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், அத்தையைப் போய் இப்படி எழுதினதுக்கு என்னை மன்னிச்சிருங்க என்றாள். மைனி தாள்களை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். ராத்தூக்கம் இல்லாமல் வாசித்திருக்கிறேன், பூனைக்குப் பால் வைக்க மறந்திருக்கிறேன், இதை வேண்டாம் என்று சொல்ல நீ யார் என்று சண்டைக்கு வந்தாள். அம்மா இருந்திருந்தால் தன்னைக் கொலைகாரியாக எழுதினதற்கு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பாள், ஆனால் அவள் இல்லை, இல்லாதவள் வந்து இது நான் இல்லை என்று சொல்ல முடியாது, அதனால் அந்த மூக்கால் பாடுகிறதை மட்டும் எடுத்துவிடு, முந்தானை செருகுகிறதையும் எடுத்துவிடு, பாலில் விஷம் வைக்கிறது அந்த உப்பு வியாபாரியோட கணக்குப்பிள்ளையாக இருக்கட்டும், அவன் பேச்சே சரியில்லை, எனக்கு முதலிலிருந்தே அவன் மேல்தான் சந்தேகம் என்றாள். எப்சிபாவுக்குக் கணக்குப்பிள்ளையை நினைத்ததுமே தலைக்குள் கதவுகள் திறந்தன, ஆமாம், சாவி அவனிடம்தானே இருந்தது, ஒரு மாதம் கேட்டால் மாற்றிவிடலாம், பதிப்பகத்துக்காரர் கத்துவார், கத்தட்டும். சந்தோஷத்தில் மாவைக் கலக்கினாள், அடுப்பைக் கூட்டினாள், நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு பாத்திரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது, அப்படியே பாடவேண்டும் போலிருந்தது, பாடவும் செய்தாள், மூக்கால்.

அப்போது ஞானதுரை வந்தார். கோயிலில் குடில் கட்டிவிட்டு, தலையில் வைக்கோலோடு, தூறலில் நனைந்து. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். "உள்ள வாலே, உக்காரு" என்றாள் மைனி. போட்டோவை அம்மா ஏன் வெட்டினாள் என்று தெரியுமா என்று கேட்டு, கத்தரி, காது, மதராஸ் எல்லாவற்றையும் அவரிடமும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். அறுபத்தொரு வயசு மனுஷர் சின்னதாகிவிட்ட மாதிரி எப்சிபாவுக்குத் தோன்றியது. "அம்மாவா வெட்டுனா?" என்றார். "நான் அப்பான்னுல்லா நெனச்சேன்." அக்கா போனபோது அவருக்குப் பதினோரு வயது. அக்காவுக்கு மஞ்சக்காமாலை, பிழைக்க மாட்டாள் என்று வீட்டில் யாரோ சொல்லிக் கேட்டார். அன்றைக்குத்தான் கவனித்தார், போட்டோவில் அக்கா முகம் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு அப்பா ஒரு அறை விட்டார், அப்பா அடித்தது அந்த ஒரு தடவைதான். சாகப்போகிற பிள்ளையை வெட்டி எறிந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அப்பாவோடு சரியாகப் பேசினதே இல்லை, அப்பா சாகிற வரைக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டுத் தலையிலிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். பிறகு, கூச்சத்தோடு, இன்னொன்றும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் மஞ்சக்காமாலைக்குக் கீழாநெல்லிதான் மருந்து என்று சொன்னாராம். தினமும் காலையில் கோயில் மதிலுக்குப் பின்னால் போய் ஒரு கை பறித்து வந்து, இத அக்காவுக்கு அனுப்புங்கம்மா என்று கொடுப்பாராம். அம்மா ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கிக் கழுவி நிழலில் காயப் போடுவாளாம். எங்கே அனுப்பியிருக்கப் போகிறாள், பிறகு தூரப் போட்டிருப்பாள் என்றார்.

மைனி முறுக்கைக் கீழே வைத்தாள். எண்ணெயில் கிடந்த முறுக்கை எப்சிபா திருப்பவும் மறந்தாள்.

"ஏலே," என்றாள் மைனி. "அம்மாவுக்கு நாலு வரிக்கு மேல எழுத வராது. மாசம் ரெண்டு லெட்டர் போடுவா. பிரிச்சா ஒவ்வொண்ணுலயும் ஒரு காஞ்ச செடி இருக்கும். எதுக்குன்னு ஒரு வார்த்தை இருக்காது. ஹாஸ்டல்ல எல்லாரும் கேலி பண்ணுவாளுவ. அம்பது வருஷமா எனக்கு எதுக்குன்னே தெரியாதுலே. ஒண்ணையும் தூரப் போடல, எல்லாம் என் பைபிளுக்குள்ளதான் கெடக்கு."

ஞானதுரை ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துவிட்டு அக்காவை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார்.

"பெறகென்ன," என்றார். "சரியாயிட்டுல்லா."